கொள்ளையடிக்க ஓர் அரசாங்கச் சீட்டு: கேப்டன் கிட் ஏன் தூக்கில் தொங்கினார்?

லண்டனில், தேம்ஸ் நதியின் தென்கரையில் இருக்கிறது டெட்ஃபோர்ட். ஒரு காலத்தில் கப்பல் கட்டும் ஊர். 1581-இல் அங்கே நின்றிருந்த தன் கப்பலின் மேல்தளத்திலேயே பிரான்சிஸ் டிரேக்குக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. ஸ்பெயின் நாட்டுக் கப்பல்களைச் சூறையாடி, உலகத்தைச் சுற்றி வந்து, ராணி முதலாம் எலிசபெத்தின் கஜானாவை நிரப்பியவர் அவர். அவர் அந்தக் கப்பல்களைப் பிடித்த சமயத்தில் இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் முறையான போர்கூடக் கிடையாது. ராணிக்கு அது பெரிதாகப் படவில்லை.

1695-இல் அதே டெட்ஃபோர்டில் 'அட்வென்ச்சர் கேலி' என்ற புதுக் கப்பல் தண்ணீரில் இறங்கியது. அதன் கேப்டன் வில்லியம் கிட். அவரும் எதிரிக் கப்பல்களைப் பிடித்துவரத்தான் கிளம்பினார். டிரேக்கைவிட ஒரு படி மேலாக, அரசனின் முத்திரை குத்திய இரண்டு உத்தரவுகள் அவர் பெட்டியில் இருந்தன. ஆறு வருடம் முடிவதற்குள் ஆற்றின் எதிர்க்கரையில் அவரைத் தூக்கில் போட்டார்கள்.

இந்த முரண்பாடு புரிய வேண்டுமென்றால், இன்று வழக்கொழிந்துபோன ஒரு ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'பிரைவேட்டியர்' என்பார்கள். உரிமம் பெற்ற கடல் கொள்ளையர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அரசாங்கம் விட்ட ஏலம்

பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அரசர்களுக்குச் சண்டை போட ஆசை நிறைய. கடற்படைக்குச் செலவழிக்கப் பணம் குறைவு. ஆகவே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். கப்பல் உன்னுடையது, பீரங்கி உன்னுடையது, ஆட்களும் உன்னுடையவர்கள். எங்கள் எதிரி நாட்டு வணிகக் கப்பலைப் பிடித்துக்கொள்ள நாங்கள் அனுமதி தருகிறோம். கிடைப்பதில் எங்களுக்கு ஒரு பங்கு கொடு. சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஊராட்சி ஏலம் விடுவதைப் போலத்தான் இதுவும். இங்கே ஏலம் போனது சுங்கம் அல்ல, போர்.

இந்த அனுமதிக்கு 'லெட்டர் ஆஃப் மார்க்' என்று பெயர். அது சும்மா ஒரு சலுகைச் சீட்டு அல்ல, நிபந்தனைகள் உண்டு. சீட்டில் குறித்த எதிரி நாட்டுக் கப்பலைத்தான் தொடலாம். நட்பு நாட்டுக் கப்பலையோ நடுநிலை நாட்டுக் கப்பலையோ தொடக்கூடாது. பிடித்த கப்பலை நடுக்கடலிலேயே பங்கு போட்டுக்கொள்ளக்கூடாது. சரக்கைக் கலைக்காமல் துறைமுகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே கடற்படை நீதிமன்றம் உட்கார்ந்து, பிடிபட்டது உண்மையிலேயே எதிரியின் சொத்துதானா என்று காகிதங்களைப் பார்த்து முடிவு செய்யும். ஆம் என்றால் ஏலம், பிறகு பங்கு. இல்லை என்றால் கப்பலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நஷ்டத்தையும் தலையில் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான்.

சீட்டு உள்ளவன் எதிரியிடம் சிக்கினால் போர்க்கைதி. சீட்டு இல்லாதவன் சிக்கினால் மனித குலம் முழுவதற்கும் எதிரி. எந்த நாடும் அவனைத் தூக்கில் போடலாம். இருவரும் செய்யும் வேலை ஒன்றேதான். அதே கத்தி, அதே பீரங்கி, அதே பயமுறுத்தல்.

மாலுமிகளுக்குச் சம்பளம் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வேட்டை கிடைத்தால் பங்கு, கிடைக்காவிட்டால் பட்டினி. கிட்டின் கதை முழுக்க இந்த ஒரு விதியைச் சுற்றித்தான் ஓடுகிறது. மாதச் சம்பளம் வாங்குகிறவன் கேப்டன் சொல்லைக் கேட்பான். பங்குக்கு வேலை செய்கிறவன் கேப்டனையே மிரட்டுவான்.

யார் இந்தக் கிட்?

ஸ்காட்லாந்துக்காரர். கரீபியன் கடலில் இங்கிலாந்துக்காகப் பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை போட்டுப் பெயர் வாங்கியவர். 1690-இல் அவர் கரையில் இருந்த நேரம் பார்த்து அவருடைய ஆட்களே கப்பலைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் ராபர்ட் கலிஃபோர்ட் என்று ஒருவன் இருந்தான். அவன் பின்னால் வருவான். மறு ஆண்டு கிட் நியூயார்க்கில் ஒரு பணக்கார விதவையைக் கல்யாணம் செய்துகொண்டு, சொந்த வீடு, நல்ல பழக்கவழக்கம் என்று செட்டில் ஆனார். அங்கே டிரினிட்டி தேவாலயம் கட்டும்போது கல் தூக்குவதற்குக் கப்பியும் கயிறும் கொடுத்து உதவினார் என்று அதன் பதிவுகளில் இருக்கிறது. கடற்கொள்ளையன் என்றதும் நம் மனதில் வரும் ஒற்றைக்கண் ஆசாமி அல்ல அவர். ஊரில் நாலு பேர் வணக்கம் சொல்லும் ஆள்.

1695-இல் லண்டன் போன இடத்தில்தான் விதி வந்து நின்றது. நியூயார்க்குக்கும் மாசசூசெட்ஸுக்கும் ஆளுநராகப் போகவிருந்த பெல்லமாண்ட் பிரபு, ராபர்ட் லிவிங்ஸ்டன் என்ற வியாபாரியின் யோசனையின் பேரில், கிட்டை வைத்து ஒரு திட்டம் போட்டார். அமெரிக்கக் கரையிலிருந்து கிளம்பிச் செங்கடலில் கொள்ளையடிக்கும் கடற்கொள்ளையர்களைப் பிடிப்பது. அவர்கள் அடித்த செல்வத்தைப் பறிப்பது. கூடவே பிரெஞ்சுக் கப்பல் கிடைத்தால் அதையும் பிடிப்பது. பிடித்ததைப் பாஸ்டனில் பெல்லமாண்டிடம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். முதல் போட்டவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. சாமர்ஸ், ஆர்ஃபோர்ட், ஷ்ரூஸ்பரி, ரோம்னி என்று நான்கு பெரிய பிரபுக்கள். ஆர்ஃபோர்ட் கடற்படைக்கே தலைவர். பங்குதாரர் பட்டியலில் அவர்கள் பெயர் நேரடியாக வராதபடி வேறு ஆட்கள் பெயரில் எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் வில்லியம் அரசருக்கு வருமானத்தில் பத்து சதவீதம்.

திருடனிடமிருந்து திருட்டுப் பொருளைப் பறித்து, அதைச் சொந்தக்காரனிடம் கொடுக்காமல் தாங்களே வைத்துக்கொள்ளும் திட்டம் இது. சொந்தக்காரர்கள் யார்? பெரும்பாலும் சூரத்திலிருந்து ஏமனின் மோக்கா துறைமுகத்துக்குப் போய்வந்த இந்திய வணிகர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

இந்தியப் பெருங்கடலில்

கிட் டெட்ஃபோர்டை விட்ட நேரம் மிக மோசமான நேரம். 1695 செப்டம்பரில் ஹென்றி எவ்ரி என்ற ஆங்கிலேயக் கொள்ளையன் ஒளரங்கசீப்பின் 'கஞ்ச்-இ-சவாய்' கப்பலைப் பிடித்திருந்தான். ஹஜ் யாத்திரை முடித்துச் சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பெரிய கப்பல் அது. பயணிகளைச் சித்திரவதை செய்தார்கள், பெண்களைச் சீரழித்தார்கள். சூரத்தில் ஊர் கொதித்தெழுந்தது. முகலாய அதிகாரிகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்களைப் பிடித்து விலங்கு மாட்டி, அவர்கள் வளாகத்துக்குள்ளேயே மாதக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். இனி ஒரு ஆங்கிலேயக் கொள்ளையன் இந்தக் கடலில் கைவைத்தால் கம்பெனியின் வியாபாரமே போய்விடும் என்ற நிலை.

அந்தக் கடலுக்குள்தான் கிட் வந்தார். 1697 தொடக்கத்தில் மடகாஸ்கர். தேடிவந்த கொள்ளையர் யாரும் அங்கே இல்லை. கொமொரோ தீவுகளில் நோய் விழுந்து ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். கப்பல் புதுசாக இருந்தும் ஒழுகியது. கையில் பணம் இல்லை. அந்த நிலையில் அவர் செங்கடலின் வாசலில், பெரிம் தீவருகே போய்க் காத்துக்கொண்டிருந்தார். மோக்காவிலிருந்து சரக்கோடு திரும்பும் முகலாய வணிகக் கப்பல்களின் வரவுக்காக.

'அப்பாவிக் கிட்' என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். முகலாயக் கப்பல் பிரெஞ்சுக் கப்பலும் அல்ல, கொள்ளையர் கப்பலும் அல்ல. சீட்டில் அதற்கு இடமே இல்லை. ஆகஸ்டில் அந்தக் கப்பல் வரிசையை நெருங்கிய கிட்டைத் துரத்தியது யார் என்றால், கம்பெனியின் 'செப்டர்' கப்பல். எவ்ரி செய்த வேலைக்குப் பிறகு, ஆங்கிலேயர்கள் முகலாயக் கப்பல்களுக்குக் காவல் போக வேண்டியிருந்தது. அரசனின் சீட்டோடு வந்தவரை அதே அரசனின் நாட்டுக் கம்பெனி விரட்டியது.

அங்கிருந்து மலபார்க் கரை. கார்வாரில் தண்ணீர் பிடிக்க இறங்கியபோது சில ஆட்கள் தப்பி ஓடி, கம்பெனிக் கிடங்கில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். 'கிட் கொள்ளையனாகிவிட்டான்' என்ற செய்தி லண்டனுக்குக் கிளம்பியது அப்போதுதான். அவர் அதுவரை பெரிதாக எதையும் பிடித்திருக்கவில்லை.

அக்டோபர் 30. கப்பலின் பீரங்கிக்காரர் வில்லியம் மூர் மேல்தளத்தில் உளி தீட்டிக்கொண்டிருந்தார். கண்ணில் பட்ட ஒரு கப்பலைப் பிடிக்கக் கிட் மறுத்ததைப் பற்றிப் பேச்சு வந்தது. மூர் முணுமுணுத்தார், கிட் அவரைச் சொறிநாய் என்று திட்டினார். நான் அப்படி என்றால் என்னை அப்படி ஆக்கியது நீர்தான், என்னையும் இன்னும் பலரையும் நாசமாக்கிவிட்டீர் என்று மூர் திருப்பிச் சொன்னார். கிட் பக்கத்தில் கிடந்த, இரும்புப் பட்டை போட்ட மரவாளியை எடுத்து அவர் தலையில் அடித்தார். மண்டை உடைந்தது. மறுநாள் மூர் இறந்துபோனார். சம்பளம் இல்லாத கப்பலில் ஒரு வருடத்துக்கு மேல் தேங்கிக் கிடந்த கோபம் அந்த ஒரு வாளியில் வெளிவந்தது.

இரண்டு பிரெஞ்சுக் காகிதங்கள்

அந்தக் காலத்து இந்திய வணிகக் கப்பல்கள் ஒரே சமயத்தில் பல நாட்டுப் பயணச் சீட்டுகளை வைத்திருக்கும். ஆங்கிலேயன் நிறுத்தினால் ஆங்கிலச் சீட்டு, பிரெஞ்சுக்காரன் நிறுத்தினால் பிரெஞ்சுச் சீட்டு. பிழைக்கத் தெரிந்த வியாபாரியின் ஏற்பாடு. இதைத் தெரிந்துகொண்டு கிட் ஒரு தந்திரம் செய்தார். தன் கப்பலில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். எதிரே வந்தவர்கள் இவன் பிரெஞ்சுக்காரன் என்று நம்பிப் பிரெஞ்சுச் சீட்டை நீட்டினார்கள். நீட்டியதும், நீ பிரெஞ்சுப் பாதுகாப்பில் இருக்கிறாய், ஆகவே என் எதிரி, கப்பலை விடு என்று பிடித்துக்கொண்டார். நவம்பரில் ஒரு சிறு கப்பல் இப்படிச் சிக்கியது.

1698 ஜனவரி 30 அன்று, கொச்சிக்கு அப்பால், 'குவெடா மெர்ச்சன்ட்' சிக்கியது. வங்காளத்திலிருந்து சூரத்துக்குப் போன பெரிய கப்பல். பட்டு, மஸ்லின், சர்க்கரை, அபினி, வெடியுப்பு, இரும்பு. அமர்த்தியிருந்தவர்கள் ஆர்மீனிய வணிகர்கள். சரக்கில் முகலாய அரசவைப் பிரமுகர் ஒருவருக்கும் பங்கு இருந்தது. கிட்டிடம் சீட்டைக் காட்ட முதலில் ஒரு பிரெஞ்சுக்காரனைக் கேப்டன் என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகுதான் தெரிந்தது, உண்மையான கேப்டன் ஜான் ரைட் என்ற ஆங்கிலேயர். கிட்டுக்குக் கொஞ்சம் கலங்கியிருக்க வேண்டும். கப்பலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தான் சொன்னதாகவும் ஆட்கள் கேட்கவில்லை என்றும் அவர் தரப்பு பின்னால் சொன்னது.

சட்டப்படி பார்த்தால் இந்தப் பிடிப்பில் ஒரு நியாயம் இருந்தது. பிரெஞ்சுச் சீட்டு இருந்தால் பிரெஞ்சுச் சொத்து என்று ஒரு நீதிமன்றத்தில் வாதாடலாம். ஆனால் கிட் கப்பலை நீதிமன்றத்துக்கு எடுத்துப்போகும்வரை காத்திருக்கவில்லை. மலபார்க் கரையிலேயே சரக்கில் ஒரு பகுதியை விற்றார். மீதியை மடகாஸ்கரில் பங்கு போட்டார்கள். விதியின் பாதியைக் கடைப்பிடித்து மீதியைக் காற்றில் விட்ட ஆள்.

மடகாஸ்கருக்கு அருகே செயின்ட் மேரித் தீவில், கடைசியில் ஒரு நிஜமான கொள்ளையன் எதிரே நின்றான். 1690-இல் அவரது கப்பலோடு ஓடிப்போன அதே கலிஃபோர்ட். அவனைப் பிடிப்பதுதான் கிட்டின் சீட்டில் எழுதியிருந்த வேலை. ஆனால் கிட்டின் ஆட்களில் பெரும்பாலோர் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு கலிஃபோர்ட்டின் கப்பலில் ஏறிவிட்டார்கள். ஒழுகிக் கிடந்த அட்வென்ச்சர் கேலியை அங்கேயே விட்டுவிட்டு, பிடித்த குவெடா மெர்ச்சன்ட்டிலேயே கிட் ஊர் திரும்பினார்.

சீட்டு தொலைந்தது

1699 ஏப்ரலில் கரீபியனில் காலடி வைத்தபோதுதான் தன்னைக் கொள்ளையன் என்று அறிவித்துவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. அதற்குள் அரசன் கிழக்குக் கடல்களின் கொள்ளையர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்திருந்தான். மன்னிப்பு கிடையாது என்று பெயர் குறித்து விலக்கப்பட்டவர்கள் இரண்டு பேர்: எவ்ரி, கிட். சூரத்தில் மறுபடி கம்பெனிக்கு நெருக்கடி வந்திருந்தது. முகலாயரிடம் காட்டுவதற்கு ஒரு தலை தேவைப்பட்டது. எவ்ரி மாயமாய் மறைந்துவிட்டான்.

கிட் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பெரிய கப்பலை ஹிஸ்பானியோலாத் தீவருகே மறைத்துவிட்டு, சிறு கப்பலில் அமெரிக்கக் கரைக்கு வந்து, கொஞ்சம் பொன்னையும் துணியையும் கார்டினர் தீவில் புதைத்தார். அதை அதிகாரிகள் சீக்கிரமே தோண்டி எடுத்துவிட்டார்கள். கிட்டின் புதையல் என்று இன்றுவரை தோண்டிக்கொண்டிருப்பவர்கள் பாவம். பிறகு பெல்லமாண்டுக்கு அந்த இரண்டு பிரெஞ்சுச் சீட்டுகளையும் அனுப்பிவைத்தார். பெல்லமாண்ட் அவருக்கு இதமாகக் கடிதம் எழுதிப் பாஸ்டனுக்கு வரவழைத்து, ஜூலையில் கைது செய்தார்.

லண்டனில் நியூகேட் சிறை. அதற்குள் அரசியலும் சேர்ந்துகொண்டது. கிட்டின் முதலாளிகள் விக் கட்சிப் பிரபுக்கள். எதிர்க்கட்சியான டோரிகள் அவர்களைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். நாடாளுமன்றத்தில் நிறுத்தியபோது அவர்களைக் கிட் காட்டிக்கொடுத்திருந்தால் டோரிகளுக்கு வேண்டியவராகியிருப்பார். காட்டிக்கொடுக்கவில்லை. காப்பாற்றுவார்கள் என்று நம்பியிருப்பார் போல. அவர்கள் கையைக் கழுவிவிட்டார்கள்.

1701 மே 8, 9 தேதிகளில் லண்டனின் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் விசாரணை. என் பிரெஞ்சுச் சீட்டுகள் எங்கே என்று கிட் திரும்பத்திரும்பக் கேட்டார். பெல்லமாண்ட் அவற்றை லண்டனுக்கு அனுப்பியிருந்தார். ஆனால் நீதிமன்றத்தில் யாரும் எடுத்து வைக்கவில்லை. பெல்லமாண்டும் அதற்குள் இறந்துபோயிருந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லண்டன் ஆவணக் காப்பகத்தின் காகிதக் கட்டுகளுக்கு நடுவிலிருந்து அந்தச் சீட்டுகள் வெளியே வந்தன.

இதை வைத்து, சீட்டு கிடைத்திருந்தால் கிட் பிழைத்திருப்பார் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்மேல் விசாரித்த முதல் குற்றச்சாட்டு கடற்கொள்ளை அல்ல, மூரின் கொலை. அந்த வாளிக்குப் பிரெஞ்சுச் சீட்டு பதில் சொல்லாது. கொலைக் குற்றம் முதலில் உறுதியானது. கடற்கொள்ளை வழக்குகள் அடுத்து வந்தன. அன்றைய சட்டத்தில் கொலை வழக்கில் சிக்கியவருக்கு வக்கீல் வைத்து வாதாடும் உரிமையும் இல்லை. அவரேதான் சாட்சிகளைக் கேள்வி கேட்டார். எதிர்ச்சாட்சி சொன்னவர்கள் மன்னிப்பு கிடைக்கும் என்று வந்த அவருடைய பழைய மாலுமிகள்.

மே 23 அன்று வாப்பிங்கில், அலை ஏறி இறங்கும் ஆற்றங்கரையில், தூக்கு. முதல் தடவை கயிறு அறுந்துவிட்டது. சேற்றில் விழுந்தவரைத் தூக்கி மறுபடி மாட்டினார்கள். பிறகு உடலுக்குத் தார் பூசி, இரும்புக் கூண்டில் மாட்டி, டில்பரி முனையில் போகிற வருகிற கப்பல்கள் பார்க்கும்படித் தொங்கவிட்டார்கள். கலிஃபோர்ட் தூக்கிலிருந்து தப்பித்துவிட்டான்.

சீட்டைக் கொடுத்தவன் கைவிட்டால்

கிட் ஒருவர் மட்டும் அல்ல. ஆங்கிலச் சீட்டு வைத்திருந்த ஹென்றி மோர்கன் 1671-இல் ஸ்பெயினின் பனாமா நகரத்தைச் சூறையாடினார். ஸ்பெயினோடு சமாதான ஒப்பந்தம் அதற்கு முந்திய ஆண்டே கையெழுத்தாகியிருந்தது. ஸ்பெயினைச் சமாதானப்படுத்த அவரைக் கைது செய்து லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். காற்று மாறியதும் 'சர்' பட்டம் கொடுத்து ஜமைக்காவுக்குத் துணை ஆளுநராக அனுப்பினார்கள். காற்று மாறாதவர்களும் உண்டு. கோழிக்கோட்டு சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்களைப் போர்ச்சுக்கீசியர்கள் எப்போதும் கொள்ளையர் என்றே எழுதினார்கள். சாமூதிரி கூட இருந்தவரை அந்தப் பெயர் ஒட்டவில்லை. நான்காம் குஞ்ஞாலியோடு சாமூதிரிக்குப் பகை வந்தது. சாமூதிரியே போர்ச்சுக்கீசியர்களோடு சேர்ந்து கோட்டையை முற்றுகையிட்டார். உயிருக்கு உத்தரவாதம் என்ற பேச்சில் சரணடைந்தவரை 1600-இல் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு 1856-இல் பாரிஸ் பிரகடனம் முற்றுப்புள்ளி வைத்தது. பெரிய ஐரோப்பிய நாடுகள் கையெழுத்திட்டன, அமெரிக்கா கையெழுத்திடவில்லை. லெட்டர் ஆஃப் மார்க் வழங்கும் அதிகாரம் அமெரிக்க அரசியலமைப்பில் நாடாளுமன்றத்துக்கு இன்றும் எழுத்தளவில் இருக்கிறது. 1861-இல் அங்கே உள்நாட்டுப் போர் தொடங்கியதும், பிரிந்துபோன தென்மாநிலங்களின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் அத்தகைய சீட்டுகளை வழங்கினார். அந்த அரசையே ஒப்புக்கொள்ளாத லிங்கன், சீட்டு வாங்கியவர்களைக் கடற்கொள்ளையர்களாகவே நடத்துவோம் என்று அறிவித்தார். டேவிஸிடம் சீட்டு வாங்கிய 'சவான்னா' கப்பலின் மாலுமிகளை நியூயார்க்கில் விசாரித்தார்கள். ஜூரிகளால் ஒருமித்த முடிவுக்கு வரமுடியவில்லை. இவர்களைத் தூக்கில் போட்டால் தன்னிடம் சிக்கிய வடமாநில அதிகாரிகளையும் தூக்கில் போடுவேன் என்று சொல்லி, டேவிஸ் சீட்டுக் குலுக்கி அவர்களைத் தேர்ந்தெடுத்தும் வைத்தார். கடைசியில் சவான்னா மாலுமிகளைப் போர்க்கைதிகள் என்று மாற்றி எழுதி, கைதிப் பரிமாற்றத்தில் விட்டுவிட்டார்கள்.